சும்மா வருகிற பணம்

ஜூன் 3, சனி

பேருந்தை விட்டு இறங்கியதும் சத்தம். தளவாய்புரத்தின் சத்தம். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு பவர் தையல் மிஷின். மழை பெய்வது போல என்று எழுத வந்தேன். இல்லை. மழை நடுவில் நின்று நூல் மாற்றாது. யாரையாவது திட்டிவிட்டு மறுபடி தொடங்காது.

இந்த ஊர் நைட்டி தைக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பெண்கள் உடுத்துவதில் பாதி நம்முடையது என்கிறாள் சீனித்தாய் சித்தி. அவளுடைய புள்ளிவிவரங்களுக்கு ஆதாரம் கேட்கக் கூடாது.

"எத்தன நாளு லீவு?"

"பத்து நாள் சித்தி."

"பத்து நாளைக்கா இம்புட்டுப் பெரிய பெட்டி?"

"புத்தகம்."

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். திறக்கவில்லை. பிரஷ் கைப்பையில் இருக்கிறது. போதும்.

கோயம்புத்தூருக்குப் பேசினேன். ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்றாள் அம்மா. போகிறது என்றேன்.

ஜூன் 5, திங்கள்

சித்தி வீட்டு முன்னறையில் நான்கு மிஷின். சித்தி, ராக்கு அத்தை (சித்திக்கு மதினி, அதனால் எனக்கு அத்தை), மாரிக்கனி, ஜெயக்கொடி அக்கா. வெட்டிய துணியை ஏஜென்ட் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுகிறார். இவர்கள் தைத்துக் கொடுக்கிறார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. துணி அவருடையது. லேபிள் அவருடையது. கழுத்தில் லேஸ் எந்தப் பக்கம் மடிய வேண்டும் என்பதும் அவருடையது.

சித்தியின் பீரோவில் ஒரு நைட்டி இருக்கிறது. அவளே வெட்டியது. வலது பக்கம் பாக்கெட், ஜிப் வைத்தது.

"செல்லு, சில்லற, வீட்டுச் சாவி. மூணும் உள்ள. ஆம்பள சட்டைக்கு வைக்கான். பொம்பளைக்கு வச்சா துணி வேஸ்டாம்."

ஏஜென்டிடம் காட்டியிருக்கிறாள். பாக்கெட் வைத்தால் பெண்கள் கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்கள், வேலை நடக்காது என்று சிரித்தாராம்.

சொந்தத் துணி, சொந்த வெட்டு, சொந்த லேபிள். சித்தி கேட்பது இவ்வளவுதான். லேபிளுக்குப் பெயர்கூடத் தயார்: சீனி. துணி வெட்டும் மிஷினின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று அந்த நைட்டி பீரோவுக்குள் போனது.

போட்டுப் பார்த்தேன். கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றேன். ஏஜென்ட் சொன்னது உண்மை. வேலை செய்யத் தோன்றவில்லை.

ஜூன் 8, வியாழன்

எழுதக் கை ஓடவில்லை. அவ்வளவு பரபரப்பு. வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். பேருந்து நிறுத்தத்தில் செல் ரீசார்ஜ், ஜெராக்ஸ் கடை. ஊர் அவரை மானியம் அண்ணாச்சி என்கிறது. எந்தத் துறையில் என்ன திட்டம், கடைசித் தேதி எது, எல்லாம் நாக்கு நுனியில். இதுவரை அவர் ஒரு மானியமும் வாங்கியதில்லை. அது அவர் அறிவைக் குறைக்கவில்லை. பற்றற்றதாக ஆக்கியிருக்கிறது.

"சீனி, உக்காரு. நிண்டுக்கிட்டுக் கேட்டா விழுந்துருவ."

"உருப்படி பாக்கி கெடக்கு அண்ணாச்சி. நிண்டுக்கிட்டே விழுறேன், சொல்லுங்க."

"பத்து லட்சம். அதுல கால்வாசி மானியம். ரெண்டரை லட்சம். திருப்பிக் குடுக்க வேண்டாம். சும்மா."

மிஷின்கள் நின்றன. நான்கும்.

"சும்மான்னா?" என்றாள் ராக்கு அத்தை.

"சும்மான்னா சும்மாதான். கவர்மெண்டு."

"மீதி ஏழரை?" என்று நான் கேட்டேன்.

"ஏய், நல்ல நேரத்துல ஏழரைங்காத புள்ள," என்று ராக்கு அத்தை என் வாயைப் பொத்த வந்தாள்.

"அது பேங்கு பாத்துக்கிடும்," என்றார் அண்ணாச்சி. "ஒண்ணே ஒண்ணு. விண்ணப்பம் போடுறவுக டிகிரி முடிச்சிருக்கணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எம்.ஏ. தத்துவம். என் பட்டத்தைக் கேட்டு இதுவரை ஒருவர் முகமும் மலர்ந்ததில்லை. இன்று ஒரே அறையில் ஐந்து முகங்கள்.

ஜூன் 9, வெள்ளி

காலையில் பால்காரர், ரெண்டரை லட்சமாமே என்றார். பத்து மணிக்குக் கீரைக்காரம்மா, அஞ்சு லட்சமாமே என்றாள். மாலைக்குள் ஜெயக்கொடி அக்காவின் மாமியார் பத்து லட்சமும் சும்மாதான் என்று முடித்துவிட்டார். யாரும் யாரையும் திருத்தவில்லை. நானும்.

ஜூன் 12, திங்கள்

அண்ணாச்சி கடை. அவர் கேட்கக் கேட்க நான் தட்டினேன். பெயர்: செண்பகா. என் பட்டம், என் ஆதார். தொழில் மட்டும் சித்தியுடையது.

"பேருக்குத்தான் தாயி. பேரு உன்னுது, தொழிலு அவளுது. கவர்மெண்டுக்கு யாரு பேரா இருந்தா என்ன?"

தொழில் விவரம் என்ற கட்டத்தில் நன்றாக எழுதினேன். 'நான்கு இயந்திரங்களுடன் இயங்கிவரும் தையற்கூடத்தை விரிவாக்கி, சொந்த வணிகப் பெயரில் உற்பத்தி செய்தல்.' பல மாதங்களுக்குப் பிறகு நான் எழுதி முடித்த முழு வாக்கியம். திரும்பத் திரும்பப் படித்தேன்.

"உனக்கு இப்ப என்ன வருமானம்?"

"ஆராய்ச்சிக்கு உதவித்தொகை அண்ணாச்சி. ஹைதராபாத்ல."

"மாசம் எம்புட்டு?"

"வரல. ஏழு மாசமா."

"யாரு குடுக்கணும்?"

"அரசாங்கம்தான்."

அடுத்த கட்டத்தைக் காட்டினார்.

"அது வேற டிபார்ட்மெண்டு," என்றார்.

ஆமாம். அது வேறு. அது நான் உழைத்ததற்குத் தர வேண்டியது, அதில் இழுபறி இருக்கும். இது சும்மா தருவது. சும்மா தருவதில் என்ன தாமதம் இருக்க முடியும்?

ஜூன் 14, புதன்

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். சித்திக்குத் துணையாக இன்னும் கொஞ்ச நாள்.

ஜூன் 19, திங்கள்

ஒரு வாரமாகப் பணத்தைச் செலவழிக்கிறோம். வாயால்.

துணி வெட்டும் மிஷின் வந்துவிட்டது. ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினும் வந்துவிட்டது. ராக்கு அத்தை தன் தலைக்கு நேர்மேலே ஒரு ஃபேன் கேட்டாள். மாரிக்கனி பின்பக்கம், தைக்க வருகிறவர்களுக்கென்று, ஒரு கக்கூஸ் கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கு சீனியக்கா. போனா மாமியா ஒரு வேல ஏவிருதா."

ஜெயக்கொடி அக்காவுக்கு ஒரே ஆசை. "ஏஜென்ட்டு வாரப்ப மூஞ்சில கதவச் சாத்தணும்."

"அதுக்குத் துட்டு வேண்டாமே," என்றாள் சித்தி.

"துட்டு இருந்தாத்தான்க்கா கதவு சாத்தும்."

உனக்கு என்ன வேண்டும் என்று என்னையும் கேட்டார்கள். மேசை என்றேன். சன்னலோரம், உட்கார்ந்து எழுத.

"பத்து நாள் லீவுக்கு எதுக்கு மேச?" என்றாள் மாரிக்கனி. பத்து நாள் எப்போதோ முடிந்துவிட்டது. சித்தி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சித்தி லேபிள் வரைந்தாள். 'சீனி' என்ற எழுத்து. அதற்குக் கீழே ஓர் எறும்பு. எறும்பு எதற்கு என்றேன்.

"சீனி இருந்தா எறும்பு வரணும்ல?"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். நான் இப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 21, புதன்

குறுஞ்செய்தி வந்துவிட்டது! வெள்ளிக்கிழமை கள ஆய்வு. அலுவலர் நேரில் வருகிறார்.

அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். முகம் மாறியது.

"சீனி, மொத வேல. இந்த மிஷின் நாலையும் அப்புறப்படுத்து."

"எதுக்கு?"

"எதுக்கா? ரேஷன் கார்டு செக்கிங்குக்கு வந்தப்ப என்ன செஞ்ச?"

சித்தி யோசித்தாள். "சிலிண்டர ராக்கு மதினி வீட்ல கொண்டுபோய் வச்சேன்."

"நான் அவ சிலிண்டரையும் என் சிலிண்டரையும் சேலையப் போட்டு மூடி, மேல ஏறி உக்காந்துக்கிட்டேன்," என்றாள் ராக்கு அத்தை.

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

"நான் டிவிஎஸ் ஃபிப்டிய வாசல்ல நிப்பாட்டி வச்சிருந்தேன். என்னாச்சு? வசதியானவன்னு எழுதிட்டுப் போயிட்டான். இருக்கவனுக்குக் கவர்மெண்டு எதுக்குக் குடுக்கும்? ஒண்ணும் இல்லாதவனுக்குத்தான மானியம்? வெறும் வீடா நில்லு. வெறும் கையா நில்லு."

மறுக்க முடியாத தர்க்கம். நான் அதன்மேல் ஒரு மாடி கட்டினேன். அரசின் கண்ணுக்கு வறுமை தெரியாது, வறுமையின் தோற்றம்தான் தெரியும், ஆகவே அந்தத் தோற்றத்தைத் தருவது பயனாளியின் பொறுப்பு என்றேன். ராக்கு அத்தை தலையாட்டினாள்.

"படிச்ச புள்ள சொல்லுதுல்ல?" என்றார் அண்ணாச்சி.

இரண்டு வருடக் கருத்தரங்குகளில் யாரும் என்னை இப்படி ஆமோதித்ததில்லை.

ஜூன் 22, வியாழன்

தோள்பட்டை வலிக்கிறது. மிஷினின் மேசை இவ்வளவு கனம் என்று தெரியாது.

ஒன்று ராக்கு அத்தையின் அடுப்படியில். ஒன்று மாரிக்கனி வீட்டில், மாமனார் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில். ஒன்று ஜெயக்கொடி அக்கா வீட்டு மாடிப்படிக்கு அடியில். சித்தியுடையது அண்ணாச்சி கடையில், ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில், போர்வை போர்த்தி.

ஏஜென்டின் ஆர்டர் சனிக்கிழமை போக வேண்டும். பாதி பாக்கி. அதனால் ஓர் ஏற்பாடு: அலுவலர் இருக்கும்வரை யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது. அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவரவர் வீட்டிலேயே தைக்கத் தொடங்கலாம்.

வெட்டுத்துணிக் கட்டுகள் மிஞ்சின. பீரோ நிறைந்துவிட்டது. சித்தி கட்டிலுக்கு அடியிலிருந்து என் பெட்டியை இழுத்தாள். நான் ஓடி வருவதற்குள் திறந்துவிட்டாள்.

உடுப்புகள். புத்தகங்கள். கம்பளி. தலையணை உறை. கொடிக்கயிறு. விடுதியின் குளியலறை மக்.

மக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பச்சை மக். என் பெயர், விடுதியின் பெயர், அறை எண், வெள்ளைப் பெயிண்டில்.

"பத்து நாள் லீவுக்கு மக்கயுமா கொண்டாருவாக?"

நான் கம்பளியை மடிக்கத் தொடங்கினேன். அவள் மக்கை எடுத்துப்போய்க் குளியலறை வாளியில் மாட்டிவிட்டு வந்தாள்.

பெட்டி முழுக்க இப்போது இன்னும் கை வைத்துத் தைக்காத நைட்டிகள்.

ஜூன் 23, வெள்ளி

பதினொன்றரைக்கு ஸ்கூட்டர். அலுவலர் ஒரு பெண். ஜெசிந்தா மேடம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. வாசல் வெயிலிலேயே வண்டியை நிறுத்தினார்.

சித்தி தோட்டைக்கூடக் கழற்றியிருந்தாள்.

"வாங்க மேடம். பாத்துக்கிடுங்க. ஒண்ணுமே இல்ல." குரலில் பெருமை.

மேடம் அறையைப் பார்த்தார். தரையில் நான்கு எண்ணெய்க் கறை. மூலையில் நூல் குப்பை. சித்தியின் கொண்டையில் ஒரு ரோஸ் நூல்.

"தையற்கூடம் எங்கம்மா?"

"நீங்க குடுத்தாத்தான் மேடம் ஆரம்பிக்கணும்."

கோப்பைப் புரட்டினார். "நாலு இயந்திரத்தோட இயங்கிவரும்னு போட்டிருக்கே. யாரு எழுதினது?"

என் வாக்கியம். என் நல்ல வாக்கியம். மிஷின்களை ஒளித்துவைத்த எங்களில் ஒருவருக்கும் அது நினைவில்லை, எழுதிய எனக்கும்.

"நான்தான் மேடம். அது... ஒரு நோக்கமா எழுதினது."

"நோக்கமா?"

"எதிர்காலத்துல இயங்கிவரும்."

மேடம் என்னை நன்றாகப் பார்த்தார். "யூனிட்டே இல்லைன்னா நான் எதைம்மா பரிந்துரை செய்ய? இல்லைன்னுதான் எழுதணும்."

சித்தியின் முகம் பிரகாசமானது. "அதான் மேடம். இல்லைன்னே எழுதுங்க."

எழுதினார். டீ வேண்டாம் என்றார். வெளியே போனார். ஸ்கூட்டர் கிளம்பியது.

முதலில் ராக்கு அத்தையின் மிஷின். அடுத்த மூச்சில் மாரிக்கனியுடையது. பிறகு ஜெயக்கொடி அக்கா. மூன்று பக்கமிருந்தும் பிடித்துக்கொண்டது.

ஸ்கூட்டர் சத்தம் நின்றது.

எட்டிப் பார்த்தேன். எதிரே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர். சீட்டு சுட்டதால் நிழலுக்கு மாற்றியிருக்கிறார். திரும்ப நடந்து வந்தார்.

"இல்லம்மா, தல சுத்துது. ஒரு டீ குடுங்க..." வாசற்படியில் நின்றார். "என்ன சத்தம்?"

"மிக்ஸி மேடம்," என்றாள் சித்தி.

"மூணு வீட்லயுமா?"

"மூணு வீட்லயும் சட்னி மேடம்."

அப்போது தெருமுனையில் டிவிஎஸ் ஃபிப்டி. சித்தியின் மிஷினின் தலைப்பாகத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி. தூரத்திலிருந்தே கத்தினார். "சீனி! அந்தம்மா போயிருச்சா?"

 அந்தம்மாதான் பதில் சொன்னார். "இன்னும் போகல."

மேடம் சத்தத்தைப் பின்தொடர்ந்து நடந்தார். நாங்கள் பின்னால். அடுப்படியில் ராக்கு அத்தை ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் துணியுமாக இருந்தாள். மாரிக்கனியின் மாமனார் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, இத எப்ப எடுத்துட்டுப் போவிய? காது போச்சும்மா."

திரும்பி வந்து உட்கார்ந்தார். டீ கிளாஸை உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பேசினார்.

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் குடுப்பாங்கன்னு யாரும்மா சொன்னது? இது தொழில் நடத்துறவங்களுக்கு. நடத்துறதக் காட்டணும். அப்புறம், இது கடன். பேங்க் தரும், வட்டியோட கட்டணும்."

"ரெண்டரை லட்சம் சும்மான்னாங்களே," என்றாள் சித்தி.

"அது உங்க கைக்கு வராது. பேங்க்லயே கிடக்கும், மூணு வருஷம். ஒழுங்கா நடத்திக் கட்டிட்டு வந்தீங்கன்னா கடைசியில கடன்ல கழிச்சுக்குவாங்க. நடுவுல மூடிட்டா அதுவும் போச்சு. முதல்ல உங்க பங்கா அஞ்சு சதவீதம் நீங்க போடணும்."

"நாங்க போடணுமா?" ராக்கு அத்தை மார்பில் கை வைத்தாள். "அவுக குடுக்காகன்னுல்ல நெனச்சோம்."

"செண்பகா யாரு?"

"நான்தான் மேடம்."

"நீங்கதான் கடன்காரர்."

"அவ பேருக்குத்தான் மேடம்," என்றாள் சித்தி.

"பேருக்கு இல்லம்மா. மூணு வருஷத்துக்கு. பேங்க் அவங்களத்தான் தேடி வரும்."

 சித்தி எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். பாக்கெட் வைத்த நைட்டியோடு வந்தாள். "எங்களுக்குத் தெரியாது மேடம். ஆனா இது எனக்குத் தெரியும்," என்று நீட்டினாள்.

மேடம் தையலைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்று அதைத் தன்மேல் வைத்துப் பார்த்தார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். அப்படியே நின்றார்.

"எக்ஸெல் சைஸ் இருக்கா?" என்றார்.

எழுதியதை அடித்துவிட்டு அடியில் வேறு எழுதினார். மிஷின்கள் முதலில் ஒரே கூரைக்குக் கீழே வரட்டும், அடுத்து பேங்க் மேனேஜர் வருவார் என்றார். இந்த முறை ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை ஒருவரும் பெடலைத் தொடவில்லை.

ஜூன் 24, சனி

பால்காரர்: பத்து லட்சம் கடனாமே. கீரைக்காரம்மா: பதினஞ்சாமே. ஜெயக்கொடி அக்காவின் மாமியார்: வீட்டை எப்போது ஜப்தி செய்கிறார்கள்?

அண்ணாச்சி கடை பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 27, செவ்வாய்

மூன்று நாளாகச் சித்தி யாரோடும் பேசவில்லை. ஏஜென்ட் துணியை மட்டும் தைத்தாள். இன்று மதியம் செல் அடித்தது. ஜெசிந்தா மேடம். அன்று மாதிரிக்கென்று வாங்கிப்போன நைட்டியைத் தன் வீட்டுப் பக்கத்துப் பெண்கள் பார்த்தார்களாம். இன்னும் ஏழு வேண்டுமாம். இரண்டு பேருக்கு இடது பக்கம் பாக்கெட்.

"இடது பக்கமா?" சித்தி செல்லை மாரிக்கனியிடம் எறிந்தாள். "ஏ, கேட்டீகளா! இடதுகைக்காரிக இருக்காகள்ல! எனக்குத் தோணவே இல்லையே!"

அறையே எழுந்து நின்றுவிட்டது. சித்தி சுண்ணக்கட்டியை எடுத்துத் தரையிலேயே வரையத் தொடங்கினாள். இடது, வலது, இரண்டு பக்கமும். இந்தப் பரபரப்பு வேறு மாதிரி. சும்மா வரும் என்று நினைத்தபோது வாய் ஓயவில்லை. இப்போது யாரும் பேசவில்லை, கைகள்தான்.

சாயங்காலம் தனியாகச் சொன்னாள். "உன்னய மாட்டிவிட மாட்டேன் புள்ள. பேர எடுத்துரச் சொல்லுவோம்."

"எடுத்தா திட்டமும் போயிரும் சித்தி. டிகிரி வேணும்ல."

"போனாப் போவுது. நீ படிக்கப் போவணும்ல?"

கேள்விதான். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

உதவித்தொகை வந்துவிட்டது. ஏழு மாதமும் மொத்தமாக.

பேராசிரியரின் மின்னஞ்சலும். 'இனி என்ன தடை? அறையைக் காலி செய்துவிட்டாய் என்று வார்டன் சொல்கிறார். மறுபடி ஒதுக்கச் சொல்லவா?'

தடை பணம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

ஜூலை 10, திங்கள்

சித்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தாளில் மடித்துவைத்திருந்தாள். ஐந்து சதவீதத்துக்கு. அதை எடுத்து அவள் கழுத்திலேயே போட்டேன். என் கணக்கிலிருந்து தருகிறேன் என்றேன். சண்டை. ராக்கு அத்தை நடுவில் வந்து, "அவளும் எறும்புதான, தூக்கட்டும்," என்று முடித்துவைத்தாள்.

மனம் லேசாக இருக்கிறது. என் பங்கைக் கொடுத்தாயிற்று. இனிப் போகலாம். கையெழுத்து எங்கிருந்தும் போடலாம்.

ஜூலை 20க்கு டிக்கெட் எடுத்தேன். அம்மாவிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னேன். எல்லாம் இல்லை. பெட்டியிலிருந்து மக் வெளியே வந்தது வரைக்கும்.

ஜூலை 17, திங்கள்

அண்ணாச்சி திரும்பி வந்துவிட்டார். நாளை பேங்க் மேனேஜர் வருகிறார். அண்ணாச்சியிடம் புதுக் கொள்கை.

"நான் எங்க தப்புப் பண்ணுனேன்னா, டிபார்ட்மெண்டு மாறிப் போச்சு. ரேஷனுக்கு இல்லாததக் காட்டணும். பேங்குக்கு இருக்கதக் காட்டணும். இருக்கதுக்கு மேலயே காட்டுனா? கூடத் தருவான்."

"கூடத் தந்தா கூடக் கட்டணும்ல அண்ணாச்சி," என்றேன்.

யாரும் கேட்கவில்லை. சித்தியின் கண் மின்னிவிட்டது. தெருவில் இருக்கும் மிஷின்கள் வரத் தொடங்கின. தலையில், தள்ளுவண்டியில், டிவிஎஸ் ஃபிப்டியில். ஒரு காலத்தில் யாருக்கோ சீராக வந்த கால்மிஷின் ஒன்றும்.

நானும் ஒரு முனை பிடித்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

பதினொரு மிஷின். முன்னறையில் நான்கு, நடுவில் நான்கு, அடுப்படியில் இரண்டு. கால்மிஷின் வாசலில், அதில் மாரிக்கனியின் மாமியார்.

மேனேஜர் திருச்சிக்காரர். உள்ளே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டார். "நாலுன்னு ரிப்போர்ட்ல இருக்கு!"

"வளந்துருச்சு சார்!" என்று கத்தினாள் சித்தி.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கால்மிஷினிடம் குனிந்தார். "இதுல ஊசியே இல்லையே?"

"டிரெயினிங் சார்!"

டிரெயினிங்கில் இருந்த அறுபது வயதுப் பெண் இன்னும் வேகமாக மிதித்தாள். மேனேஜர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கையெல்லாம் மிஷின் எண்ணெய். கழுவ வேண்டும் என்றார். சித்தி குளியலறையைக் காட்டினாள்.

திரும்பி வந்தபோது கையில் பச்சை மக்.

"இதுல ஹைதராபாத் ஹாஸ்டல்னு எழுதியிருக்கு. செண்பகா, ரூம் நம்பர் எல்லாம். நீங்கதானே அப்ளிகன்ட்? அங்கதான் இருக்கீங்களா?"

"லீவுல வந்தேன் சார்."

"இதப் பாருங்கம்மா. மிஷின் நாலோ பதினொண்ணோ, அதப்பத்தி எனக்குக் கவலையில்ல. நைட்டி நல்லா இருக்கு, ஆர்டர் இருக்கு. மூணு வருஷம். மாசாமாசம் நான் யாரத் தேடி வரணும்? நீங்க இங்கதான் இருப்பீங்களா?"

அடுப்படியில் ஒரு மிஷின் நின்றது. அடுத்து நடு அறையில் ஒன்று. பிறகு ராக்கு அத்தையுடையது. ஒவ்வொன்றாக, பதினொன்றும். நூல் மாற்ற யாரும் எழவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை. தளவாய்புரத்தில் இப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. சித்தி என்னைப் பார்க்கவில்லை. தன் புது நைட்டியின் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மக்கை மேனேஜரிடமிருந்து வாங்கி, மறுபடி குளியலறை வாளியிலேயே மாட்டிவிட்டு வந்தேன். பதில் சொன்னேன். ஒரே சொல்.

முதலில் ஓடத் தொடங்கியது ஊசி இல்லாத மிஷின்.